ஒரு ராத்தல் அரிசி

பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணியிலிருந்து மந்தைவெளிப் பக்கம் போகிறவர்கள் குனிந்து பார்த்தால் கீழே பக்கிங்ஹாம் கால்வாய் தெரியும். கறுத்த தண்ணீர், கரையை ஒட்டி நெருக்கமான வீடுகள், தண்ணீருக்குள்ளேயே இறங்கி நிற்கிற ரயில் பாதைத் தூண்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற இந்த எட்டு கிலோமீட்டர் துண்டை வெட்டியது யார் என்று கேட்டால் ‘வெள்ளைக்காரன் வெட்டியது’ என்றுதான் பதில் வரும். 1877-78இல் பசி தாங்காமல் ஊரைவிட்டு வந்த ஏழைகள் வெட்டிய கால்வாய் இது. தாது வருஷப் பஞ்சத்தின் நிவாரண வேலை. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் பக்கிங்ஹாம் பிரபு. கால்வாய்க்கு அவர் பெயர் வந்தது. மண் சுமந்தவர்களின் பெயர்கள் நம்மிடம் வந்து சேரவில்லை.

நான் சேலம் பக்கத்தவன். எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் தெரியும், அவர் தகப்பனார் பெயர் தெரியாது. சிறு வயதில் பாட்டியிடம் கேட்டபோது, “அவங்கெல்லாம் தாது வருஷப் பஞ்சத்துல போயிட்டாங்க சாமி” என்றார். ‘போயிட்டாங்க’ என்றால் செத்தார்களா, ஊரைவிட்டுப் போனார்களா என்பது அவருக்கும் தெரியாது. பின்னாளில் மக்கள்தொகைக் கணக்குகளைப் பார்த்தபோதுதான் அந்தப் பதிலின் அளவு புரிந்தது. சேலம் ஜில்லாவில் 1871இல் ஏறக்குறைய 19.7 லட்சம் பேர். 1881இல் ஏறக்குறைய 16 லட்சம். பத்து வருஷத்தில் கூடியிருக்க வேண்டிய ஜனம், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இல்லாமல் போயிருக்கிறது. எங்கள் ஊரில் எத்தனையோ குடும்பங்களுக்கு முன்னோர் வரிசை அந்த இடத்தோடு அறுந்துபோகிறது.

சரித்திரத்தை மாற்றியவர்கள் என்று பேச்சு வந்தால் படையெடுத்தவர்களும் பட்டம் சூடியவர்களுமே முன்னால் வந்து நிற்கிறார்கள். எனக்கு இரண்டு அதிகாரிகளின் ஞாபகம் வரும். ஒருவர் ரிச்சர்ட் டெம்பிள். இன்னொருவர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ் என்ற டாக்டர். இவர்களுக்குள் நடந்த சண்டை ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ராத்தல் தானியம் என்பதைப் பற்றியது. சண்டை காகிதத்தில் நடந்தது. அதன் பலன் சேலத்திலும் பெல்லாரியிலும் கடப்பையிலும் வட ஆர்க்காட்டிலும் மனிதர்களின் உடம்பில் தெரிந்தது.

டெம்பிளின் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். 1873-74இல் பீகாரில் மழை பொய்த்தது. அப்போது அங்கே பொறுப்பிலிருந்தவர் இவர்தான். பர்மாவிலிருந்து சுமார் 4.5 லட்சம் டன் அரிசியை வரவழைத்தார். யார் வேண்டுமானாலும் நிவாரண வேலைக்கு வரலாம், வேலை செய்ய முடியாதவர்களுக்கு இலவச உணவு என்று தாராளமாக நடத்தினார். பஞ்சச் சாவு பெரிதாக நேரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் ஓர் அரசாங்கம் நினைத்தால் பஞ்சத்தைத் தடுக்க முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. அதற்காக அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும். நடந்தது வேறு. பணத்தை வாரி இறைத்துவிட்டார், மிஞ்சிய அரிசி வீணாயிற்று என்று லண்டன் பத்திரிகைகள் ஏசின. உயிர்கள் பிழைத்தது குற்றம்போல ஆயிற்று.

1876இல் தெற்கே இரண்டு பருவமழையும் தவறின. அந்த வறட்சிக்குப் பின்னால் பசிபிக் கடலில் பெரிய எல் நினோ இருந்தது என்று இன்றைய வானிலை ஆய்வு சொல்கிறது. மழை பெய்யாததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தானியம் அறவே இல்லாமல் போய்விடவில்லை. அந்தப் பஞ்ச ஆண்டுகளிலேயே இந்தியாவிலிருந்து 3 லட்சம் டன்னுக்கு மேல் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ரயில்பாதை போட்டால் பஞ்சம் தீரும் என்றார்கள். ரயில் தானியத்தைக் கொண்டுவரவும் செய்யும், அதிக விலை கிடைக்கிற இடத்துக்குக் கொண்டுபோகவும் செய்யும். கையில் காசு இல்லாதவன் ஊர் வழியாக அது இரண்டையும் செய்தது. சென்னை அரசாங்கம் ஒரு வர்த்தகக் கம்பெனி மூலம் தானியம் வாங்கிச் சேர்த்தபோது, சந்தையில் தலையிடக் கூடாது என்று மேலிடத்திலிருந்து கண்டனம் வந்தது. வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் கொள்கை அது. 1877 ஜனவரி 1 அன்று அவர் டெல்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினியாக அறிவித்தார். தெற்கே ஜனங்கள் வீட்டு ஓட்டையும் உழவு மாட்டையும் விற்றுக்கொண்டிருந்த மாதம் அது.

அந்த ஜனவரியிலேயே செலவைக் கட்டுப்படுத்தும் பொறுப்போடு லிட்டன் தெற்கே அனுப்பிய ஆள் டெம்பிள். பீகாரில் பட்ட ஏச்சை இந்தத் தடவை துடைத்துவிடத் தீர்மானித்தே அவர் வந்தார் என்று நான் நினைக்கிறேன். நிவாரண வேலையில் இருந்தவர்களைக் கூட்டம் கூட்டமாக நீக்கினார். கூலியைக் குறைத்தார். நாள் முழுவதும் வெயிலில் மண் வெட்டுகிற ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம், மேலே ஓர் அணா. பெண்களுக்கும் வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒரு ராத்தல் என்பது 450 கிராம். உப்பு, மிளகாய், விறகு, பருப்பு எல்லாம் அந்த ஓர் அணாவுக்குள், பஞ்ச விலையில். எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியாத ஒருவர் இதைச் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். தெரிந்தவர், ஒருமுறை செய்தும் காட்டியவர் இவர். அதனால்தான் என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை.

கார்னிஷ் சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர். மாகாணத்து ஜனங்கள் என்ன தின்கிறார்கள் என்று ஜில்லா ஜில்லாவாகத் திரட்டி 1863இலேயே அறிக்கை தயாரித்தவர். கேழ்வரகும் கம்பும் சோளமும் எவ்வளவு தின்றால் ஒரு கூலியாள் நிமிர்ந்து நிற்பான் என்று அவருக்குத் தெரியும். ஒரு ராத்தல் போதாது, குறைந்தது ஒன்றரை ராத்தல் வேண்டும் என்று அவர் எழுதினார். தானியம் மட்டும் போதாது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றும் சொன்னார். ஒன்றரை ராத்தல் என்றால் 680 கிராம். அவர் கேட்ட அதிகம் இவ்வளவுதான்: அரை ராத்தல் தானியம், கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் காய். வைஸ்ராயின் தூதரை எதிர்த்து ஓர் உத்தியோகஸ்தர் இப்படி வாதாடுவது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை.

பம்பாய் மாகாணத்தில் கூலியாட்களே எதிர்த்தார்கள். இந்தக் கூலிக்கு வரமாட்டோம் என்று நிவாரண முகாம்களை விட்டு வெளியேறினார்கள். பூனா சார்வஜனிக் சபை அவர்கள் பக்கம் நின்று கிராமம் கிராமமாகத் தகவல் சேகரித்து அரசாங்கத்துக்கு எழுதியது. பட்டினி கிடக்கிறவன் வேலைநிறுத்தம் செய்கிறான் என்றால் அந்தக் கூலியின் லட்சணத்துக்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

1877 மார்ச்சில் சென்னை அரசாங்கம் பாதி வழி இறங்கி வந்தது. ஒன்றேகால் ராத்தல் தானியமும் கொஞ்சம் பருப்பும் என்று கூலியை உயர்த்தியது. அதற்குள் பலர் செத்துவிட்டார்கள். பிழைத்திருந்தவர்களை அந்த வருஷம் காலராவும் காய்ச்சலும் கொண்டுபோயின. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஏறக்குறைய 55 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது ஒரு மதிப்பீடு. சுதேச சமஸ்தானங்களையும் சேர்த்து இன்னும் மிக அதிகமாகச் சொல்கிறவர்கள் உண்டு. டெம்பிள் அதே 1877இல் பம்பாய் கவர்னர் ஆனார்.

வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி அப்போது எடுத்த புகைப்படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். விலா எலும்புகள் தெரிய, தாயும் பிள்ளைகளும் கிழவர்களும் வரிசையாக உட்காரவைக்கப்பட்டிருக்கிறார்கள். இவர்களை இப்படி உட்காரவைத்துப் படம் பிடிக்க எப்படி மனம் வந்தது என்று அந்தக் காலத்திலேயே கேட்டார்கள். என்னாலும் அந்தப் படங்களை நீண்ட நேரம் பார்க்க முடிவதில்லை. அதில் எங்கள் ஜில்லாக்காரர் யாராவது இருப்பாரோ என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

நல்லவர்களும் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை கைக்காசு போட்டுக் கஞ்சி ஊற்றினார். பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர் என்று பள்ளியில் படிக்கிறோமே, அவரேதான். வடலூரில் வள்ளலார் 1867இல் ஏற்றிய தருமசாலை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சென்னையில் ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர் வில்லியம் டிக்பி நிவாரணக் கமிட்டியின் காரியதரிசியாக ஓடினார். 1878இல் அவர் இந்தப் பஞ்சத்தைப் பற்றி இரண்டு பாகமாக எழுதிய நூல் இல்லாவிட்டால் நமக்கு இன்று பாதி விவரம் கிடைத்திராது. வழியில்லாதவர்கள் கண்டிச்சீமைக்கு நடந்தார்கள். இலங்கை மலைத் தோட்டங்களில் இருக்கிற எத்தனையோ குடும்பங்களின் வரலாறு இந்தப் பஞ்சத்தில் தொடங்குகிறது.

பிறகு பஞ்சத்தை விசாரிக்கக் கமிஷன் உட்கார்ந்தது. 1880இல் அறிக்கை வந்தது. 1883இல் பஞ்ச விதித் தொகுப்பு உருவானது: எப்போது பஞ்சம் என்று அறிவிப்பது, எப்போது வேலை தொடங்குவது, எவ்வளவு கூலி, யாருக்கு இலவச உணவு என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு. கார்னிஷ் அன்றைக்குக் கேட்ட கேள்விகள் பின்னால் சர்க்காரே பதில் சொல்ல வேண்டிய கேள்விகளாயின. ஆனால் 1943இல் வங்காளம் பட்டினியில் விழுந்தபோது அங்கிருந்த அரசாங்கம் அந்த விதிகளை அமலுக்குக் கொண்டுவரவே இல்லை. சட்டம் அலமாரியில் இருந்தது.

நம் பாடப் புத்தகங்களில் லிட்டன் பிரபுவுக்கு இடம் உண்டு. டெல்லி தர்பார், 1878ஆம் ஆண்டின் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் என்று அவர் பெயரை மனப்பாடம் செய்கிறோம். கார்னிஷுக்கும் நாலு வரி எழுத வேண்டும். 450 கிராம், 680 கிராம் என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால், ஓர் அரசாங்கத்தை எப்படி அளப்பது என்று பிள்ளைகள் தாங்களே தெரிந்துகொள்வார்கள்.

படிக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ ஊரிலோ எண்பது தாண்டியவர்கள் இருந்தால், தங்கள் பாட்டன் பாட்டி தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். கிழங்கு தோண்டித் தின்றது, கஞ்சித்தொட்டிக்கு நடந்தது, யாரோ ஒருவர் பிள்ளையை விட்டுவிட்டுப் போனது என்று எது கிடைத்தாலும், ஊர்ப் பெயரோடு, சொன்னவர் பெயரோடு எழுதிவையுங்கள். இன்னும் பத்து வருஷம் போனால் கேட்க ஆள் இருக்காது.