ஊத்துக்கோட்டையில் இரண்டு தண்ணீர்

சென்னையில் காலையில் எழுந்ததும் குழாயடியில் குடத்தை வைக்கிறோம். தண்ணீர் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் அன்றைய சமையலே தாளம் தப்பிவிடுகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் எந்த ஊரை எட்டிப் பார்த்துவிட்டு நம் வீட்டுக்கு வருகிறது என்று கேட்டால், நம்மில் பலர் விழிப்போம். அந்த ஊரின் பெயர் ஊத்துக்கோட்டை.

செங்குன்றம், பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் போகலாம். திருப்பதிக்குப் போகும் பாதை. ஆகையால் சாலையில் வண்டிகளுக்குக் குறைவில்லை. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டுத் தெலுங்கில் பேரம் முடிக்கலாம். ஊற்று என்பதைத்தான் நாம் பேச்சில் ஊத்து என்கிறோம். பெயரிலேயே தண்ணீரை வைத்துக்கொண்டிருக்கிற ஊர் இது!

இங்கே தண்ணீர் இரண்டு வகையாக ஓடுகிறது. ஒன்று மனிதன் வெட்டிய கால்வாய். மற்றொன்று ஆண்டவன் விட்ட ஆறு.

முதலில் கால்வாயைப் பார்ப்போம். ஸ்ரீசைலத்தில் புறப்படும் கிருஷ்ணா நீர், சோமசிலை, கண்டலேறு அணைகளில் தங்கி இளைப்பாறிவிட்டுத் தெற்கே வருகிறது. கண்டலேறிலிருந்து 152 கிலோமீட்டர் நடந்து, ஊத்துக்கோட்டைக்கு அருகே தாமரைக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் காலடி வைக்கிறது. அங்கிருந்து இன்னும் 25 கிலோமீட்டரில் பூண்டி ஏரி. 1983-ல் இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆண்டுக்கு 12 டி.எம்.சி. தண்ணீர் தருவதாகப் பேச்சு. முதல் தண்ணீர் எல்லைக்கு வந்தது 1996-ல். இந்தப் பதின்மூன்று வருஷக் கதையைக் குடத்தைத் தூக்கும்போது ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஆற்றுக்கு வருவோம். பெயர் ஆரணியாறு. ஆந்திராவில் பிறந்து, பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, சுருட்டப்பள்ளி வழியாக ஊத்துக்கோட்டைக்கு வருகிறது. சுருட்டப்பள்ளிக்குப் போகாமல் யாரும் திரும்பக்கூடாது. அங்கே சிவபெருமான் லிங்க வடிவில் மட்டும் இல்லை. ஆலகால விஷத்தை உண்ட களைப்பில், அம்பிகையின் மடியில் தலை வைத்துப் பள்ளிகொண்டிருக்கிறார். உலகத்தின் விஷத்தையெல்லாம் ஒருவர் விழுங்கினார். அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் ஓடும் ஆற்றில் நாம் எறிகிற பிளாஸ்டிக் பையை யார் விழுங்குவது?

கோடையில் ஆரணியாறு வெறும் மணல் வெளி. 'இதற்கு ஆறு என்று பெயரா?' என்று கேட்கத் தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் வந்து பாருங்கள். பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள் என்ற சேதி வந்தால் கரையோரத்து ஜனங்கள் தூக்கத்தை மறந்துவிடுவார்கள். சில நாள் சீறிப் பாயும், பிறகு அடங்கிவிடும். 'இத்தனை தண்ணீரும் வீணாகக் கடலுக்குப் போகிறதே!' என்று பஸ்ஸில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2019-ம் வருஷக் கோடை நினைவிருக்கிறதா? சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்படிப்பட்ட நகரத்துக்கு ஒவ்வொரு குடமும் பொன்தான். ஆனால் கடலுக்குப் போவதெல்லாம் வீண்தானா? ஆற்றோடு கூடவே போய்ப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

ஆறு பெரியபாளையத்தில் பவானி அம்மன் கோயிலைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஆடி மாதத்தில் வேப்பிலை ஆடை உடுத்திப் பிரார்த்தனை செலுத்தும் பெண்களை அங்கே பார்க்கலாம். பிறகு பொன்னேரி. இந்தப் பக்கத்து மணலுக்கு ஒரு குணம் உண்டு. வெள்ளம் ஓடும்போது நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, பிறகு கிணறுகளுக்குக் கொடுக்கும். மணலை அள்ளிவிட்டால் அந்தச் சேமிப்பும் போய்விடும். சற்றுக் கிழக்கே மீஞ்சூரில் பூமிக்கு அடியில் இருந்த நல்ல நீரை அளவுக்கு மீறி இறைத்தார்கள். காலியான இடத்தில் கடல் உள்ளே புகுந்துவிட்டது. கிணறுகள் உப்புக் கரித்தன. மேலிருந்து நல்ல தண்ணீர் இறங்கினால்தான் கடல் தன் எல்லையில் நிற்கும்.

கடைசியில் ஆறு பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி இது. கடல் நீரும் ஆற்று நீரும் கலந்த இந்த உவர்ப்பான நீரில்தான் இறாலும் நண்டும் மடவையும் குஞ்சு வளர்க்கின்றன. அதை நம்பி மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் வந்து வந்து மூடும். ஆற்று வெள்ளம் பாய்ந்தால் அந்த மணலைத் தள்ளிக்கொண்டு வழி திறக்கும். வெள்ளம் வராத வருஷம் வாசல் அடைபடும். ஏரிக்கு மூச்சு முட்டும். மீனவர் வலையும் வெறுமையாகும்.

இதே பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டியவர்கள் டச்சுக்காரர்கள். துணி வியாபாரத்துக்காக வந்தவர்கள். எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள் நிற்கும் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. அவர்களுடைய தாய்நாடான ஹாலந்தோ சின்னஞ்சிறு தேசம். நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு கடல் மட்டத்துக்கும் தாழ்வு. 1953-ல் ஓர் இரவில் கடல் பொங்கி வந்து 1,836 பேர் அங்கே மாண்டுபோனார்கள். 'இனி முகத்துவாரங்களையே அடைத்துவிடுவோம்' என்று தீர்மானித்து அணைகள் கட்ட ஆரம்பித்தார்கள். அந்தத் துக்கத்தில் யார்தான் வேறு விதமாக நினைப்பார்கள்?

ஆனால் ஊஸ்டர்ஸ்கெல்ட் என்ற முகத்துவாரத்தின் முறை வந்தபோது மீனவர்களும் இயற்கை அன்பர்களும் எதிர்த்து நின்றார்கள். 'கடல் நீர் வந்து போகாவிட்டால் சிப்பியும் மீனும் பறவையும் அழிந்துபோகும்' என்றார்கள். அரசாங்கமும் காது கொடுத்துக் கேட்டது. அடைத்த சுவருக்குப் பதிலாக 62 இரும்புக் கதவுகள் வைத்துக் கட்டி, 1986-ல் திறந்தார்கள். புயல் வரும்போது மட்டும் கதவை மூடுவார்கள். மற்ற நாட்களில் கடல் தன் இஷ்டம்போல் போய் வருகிறது. செலவு அதிகந்தான். உயிரைக் காக்கவும் வேண்டும், உயிர்கள் வாழவும் வேண்டும் என்று இரண்டையும் நினைத்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

நமக்கும் ஊத்துக்கோட்டையில் அதே கணக்குத்தான். கால்வாய்த் தண்ணீர் நம் குடத்துக்கு. ஏரிகளில் தேக்கி வைப்பதும் அவசியம். ஆனால் ஆற்றின் வெள்ளத்தில் ஒரு பங்கு பழவேற்காட்டுக்குப் போய்ச் சேரத்தான் வேண்டும். அது அந்த ஏரிக்கு நாம் படைக்கும் சோறு, வீண் அல்ல.

மார்கழி, தை மாதங்களில் பெரியபாளையத்தில் அம்மனைத் தரிசித்து, சுருட்டப்பள்ளியில் ஸ்வாமியைச் சேவித்து, மறுநாள் பழவேற்காட்டில் குழந்தைகளுக்குப் பூநாரையைக் காட்டிவிட்டு வாருங்கள். கட்டுச்சாதம் கொண்டுபோகும் பாத்திரத்தைத் திரும்பக் கொண்டுவருகிறீர்கள் அல்லவா? காலிப் பையையும் இலையையும் அதோடு சேர்த்துக் கொண்டுவந்துவிடுங்கள். ஆற்றங்கரையில் எறிந்தால் அவையும் அந்த ஏரிக்குத்தான் போய்ச் சேரும்.