எந்த வாரம் கோடியக்கரை?

கோயிலுக்குப் போவதென்றால் நடை திறக்கும் நேரம் தெரிந்தால் போதும். ஊட்டிக்கு என்றால் அறை கிடைத்தால் போதும். சதுப்புநிலத்துக்குக் கிளம்புகிறவர் முதலில் தண்ணீரை விசாரிக்க வேண்டும். இந்த வருஷம் மழை எவ்வளவு, எப்போது நின்றது, இப்போது எவ்வளவு வடிந்திருக்கிறது என்றெல்லாம் கேட்காமல் தேதி குறிக்க முடியாது. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் இதைச் சொன்னால், நான் வேண்டுமென்றே தள்ளிப்போடுகிறேன் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

அக்காவுக்குத் தீபாவளி விடுமுறை வசதி. அவள் மகன் பதினோராம் வகுப்பு. புதிதாக பைனாகுலர் வாங்கியிருக்கிறான். "மாமா, ஃப்ளமிங்கோ கண்டிப்பா இருக்குமா?" என்று மட்டும்தான் அவன் கேட்கிறான். கும்பகோணத்து அத்தைக்குப் பறவை பற்றிக் கவலை கிடையாது. தை அமாவாசைக்கு ஆதிசேது என்கிற கோடியக்கரைக் கடலில் முழுக வேண்டும், அவ்வளவுதான். மூவரும் கேட்பது கோடியக்கரையைத்தான். ஆனால் ஆளுக்கொரு கோடியக்கரை.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து தெற்கே இறங்கிவரும் கடற்கரை, வேதாரண்யம் தாண்டியதும் மூலைமட்டம் வைத்ததுபோல் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த மூலைதான் கோடியக்கரை. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, எதிரே சுமார் 50 கிலோமீட்டரில் யாழ்ப்பாணக் குடாநாடு. மூலையிலிருந்து மேற்கே முத்துப்பேட்டை வரைக்கும் சதுப்பு, உப்பளம், காயல், அலையாத்திக் காடு என்று நீண்டு கிடக்கிறது. இதில் 385 சதுர கிலோமீட்டர் 2002-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் இடம் இதுதான். 2022-இல் பள்ளிக்கரணை, பிச்சாவரம், வேடந்தாங்கல் எல்லாம் வந்து சேரும்வரை ஒரே இடமும் இதுவாகத்தான் இருந்தது.

ஆனால் சரணாலயம் பிறந்தது பறவைக்காக அன்று, வெளிமானுக்காக. 1967-இல் அறிவித்தபோது குறி அதுதான். முறுக்குக் கொம்பும் கரிய முதுகும் வெள்ளை வயிறுமாக நிற்கும் ஆண், பழுப்பு நிறத்தில் கொம்பில்லாத பெண், இரண்டும் மேய்வது திறந்த புல்வெளியில். பக்கத்திலேயே உலர் பசுமைமாறாக் காடு. அதில் பாலை மரங்கள். அதே பாலைதான் கடலுக்கு அப்பால் வன்னிக் காடுகளிலும் நிற்கிறது; கோடையில் பழுத்தால் இரண்டு கரையிலும் பொறுக்கித் தின்கிறார்கள். ஆக, ஒரே பெயருக்குள் காடு, புல்வெளி, சதுப்பு, கடற்கரை என்று நான்கு இடம். நான்குக்கும் நான்கு பருவம். சுற்றுலாக் கையேடுகள் 'நவம்பர் முதல் பிப்ரவரி வரை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த வரியை நம்பி நவம்பரில் போய் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

நவம்பர் அங்கே அடைமழைக் காலம். சதுப்பு முழுக்கத் தண்ணீர், புல்வெளியிலும் தண்ணீர். மான்கள் மேடு தேடிப் போய்விடும். ஃப்ளமிங்கோ என்கிற பூநாரைக்குக் கால் நீளம்தான், அதற்காகக் குளத்திலா நிற்கும்? அது தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் விட்டு, சேற்றோடு அலசி, பாசியையும் உப்புநீர் இறாலையும் வடிகட்டித் தின்கிற பறவை. அதற்கு வேண்டியது ஆழமில்லாத, உப்பேறிய நீர். மழை ஓய்ந்து, வெயில் உறைத்து, தண்ணீர் வற்றி உப்பு ஏறஏறத்தான் அங்கங்கே சிதறிக்கிடந்த கூட்டங்கள் ஒன்றுசேரும். மழை நல்லபடி பெய்து டிசம்பரில் நின்றால் ஜனவரிக் கடைசியில் கூடலாம். மழை பிந்தினால் பிப்ரவரி ஆகும். மழை பொய்த்த வருஷம் சதுப்பு சீக்கிரமே காய்ந்து வெடித்து, பறவை வேறு நீர் தேடிப் போயிருக்கும். மருமகன் கேட்ட 'கண்டிப்பா'வுக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். அவனுக்குப் போதவில்லை.

தீபாவளி இப்படி அடிபட்டது. அத்தையின் அமாவாசையைத் தள்ளுவது அவ்வளவு லேசில்லை. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் கோடியக்கரைக் கடலிலும் வேதாரண்யம் சன்னதிக் கடலிலும் முழுகக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். வழியில் மணல்மேட்டின் மேல் ராமர் பாதம். இலங்கை இருக்கும் திசையை ராமர் நின்று பார்த்த இடம் என்று நம்பிக்கை. அன்றைக்குப் பறவை பார்க்கப் போனால், வேன்களின் பின்கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். "ஏண்டா, கொக்கு எங்கடா போயிடும்? பித்ரு காரியம் நாள் தவறலாமா?" என்றார் அத்தை. தர்க்கமாகப் பார்த்தால் அவர் பக்கம்தான் பலம்.

ஆனால் அத்தை கையில் இருக்கும் பஞ்சாங்கம் பறவை பார்ப்பவனுக்கும் உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் கூடுதலாக ஏறி, கூடுதலாக இறங்கும். பாக் நீரிணையில் அந்த ஏற்றஇறக்கமே சிறிது, ஒரு மீட்டருக்கும் குறைவு. நிலமோ தாம்பாளம் மாதிரித் தட்டை. தாம்பாளத்தில் ஊற்றிய நீர் லேசாகச் சாய்த்தாலே இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு ஓடுவதில்லையா? ஒரு சாண் நீர் இறங்கினால் போதும், ஏக்கர் கணக்கில் சேறு வெளியே வரும். உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அந்த ஈரச் சேற்றில்தான் மேயும். மீனவர்கள் இதோடு காற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். வாடை தள்ளினால் ஒரு கணக்கு, கச்சான் அடித்தால் வேறு கணக்கு. எனவே சமரசம் இப்படி ஆயிற்று: அமாவாசையன்று அத்தைக்கு முழுக்கு, மறுநாள் கூட்டம் கலைந்த பிறகு பையனுக்குச் சேறு. தை அமாவாசை பிப்ரவரியில் விழுகிற வருஷமாகப் பார்த்துப் போவது இரண்டு பேருக்கும் நல்லது என்று ஒரு யோசனையும் சொல்லிவைத்திருக்கிறேன்.

பூநாரையை விட்டால் வேறு எதுவும் கண்ணில் படாத பையனிடம் உள்ளான் பற்றிப் பேசுவது கஷ்டம்தான். கொசு உள்ளான் என்று ஒன்று. எடை 20, 30 கிராம், உள்ளங்கையில் அடங்கும். ஆர்க்டிக் துந்திராவில் குஞ்சு பொரித்துவிட்டு, சைபீரியாவையும் மத்திய ஆசியாவையும் தாண்டி இங்கே வந்து குளிர்காலம் கழிக்கிறது. இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்றால், கால் வளையத்தால். 1957-இல் கர்நாடகத்தின் க்யாசனூர் காட்டில் குரங்குக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டபோது, வலசைப் பறவைகள் உண்ணிகளோடு நோயைச் சுமந்து வருகின்றனவோ என்று ஒரு சந்தேகம் எழுந்தது. அதை ஆராய உலக சுகாதார அமைப்பு கொடுத்த உதவியோடு, சாலிம் அலி இருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பெரிய அளவில் பறவைக்கு வளையம் மாட்டத் தொடங்கியது. அந்த வேலை பிற்பாடு ஊன்றி நடந்த இடங்களில் முக்கியமானது கோடியக்கரை. பறவை பிடிப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட பீகாரின் மிர்ஷிகார்களை அழைத்துவந்தார்கள். இறகு ஒன்றுகூட உதிராமல் பிடித்து, எடைபோட்டு, எண் பொறித்த வளையத்தை மாட்டி, விட்டுவிடுவார்கள். கண்டெடுத்தவர் பம்பாய்க்குத் தெரிவிக்கவும் என்று வளையத்திலேயே இருக்கும். வேட்டைத் தொழில் ஆராய்ச்சிக்குக் கைகொடுத்த கதையை யாராவது விரிவாகத் தமிழில் எழுத வேண்டும்.

அங்கே கூட்டம் கூட்டமாக இருந்த வளைமூக்கு உள்ளான்கள் வெகுவாகக் குறைந்துவிட்டதை அதே ஆய்வாளர்கள்தான் பதிவு செய்தார்கள். 1980களில் அங்கே தென்பட்ட கரண்டிமூக்கு உள்ளான் இன்று உலகிலேயே அரிதாகிவிட்டது. உப்பளங்கள் பெருகியது, சதுப்புக்கு வரும் நன்னீர் குறைந்தது, நீரின் உப்புத்தன்மை மாறியது என்று இங்கே காரணங்கள் சில சொல்லப்படுகின்றன. இனப்பெருக்கம் செய்யும் வடக்கிலும், வரும் வழியிலும் காரணம் இருக்கும். உப்பளத்தைத் திட்டிவிட்டுப் போவதும் எளிதில்லை. அதே உப்பளப் பாத்திகளில் பறவைகள் மேய்வதையும் பார்க்கலாம். போதாக்குறைக்கு, திருச்சியிலிருந்து நடந்துவந்த ராஜாஜி 1930 ஏப்ரல் கடைசியில் கைதானது இந்த வட்டாரத்து உப்புக்காகத்தான். அகஸ்தியம்பள்ளியில் நினைவிடம் இருக்கிறது. வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது என் ஒரே நிபந்தனை.

அக்காவுக்குப் பொன்னியின் செல்வன் மயக்கம். பூங்குழலி படகு விட்ட இடம், வந்தியத்தேவன் புதைசேற்றில் சிக்கிய இடம், கொள்ளிவாய்ப் பிசாசு, கலங்கரை விளக்கம் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும் என்று எதிர்பார்க்கிறாள். புதைசேறு இருக்கிறது. குழகர் கோயில் கோடியக்காட்டில் இருக்கிறது. சேரமான் பெருமாளோடு வந்த சுந்தரர், துணையில்லாமல் இந்தக் காற்றடிக்கும் கரையில் இருக்கிறாயே என்று இறைவனுக்காக வருந்திப் பாடிய தலம். பிசாசை வேண்டுமானால் சதுப்பு வாயுவின் கணக்கில் எழுதலாம். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட செங்கல் விளக்கத்தின் மிச்சம் 2004 சுனாமியில் போயிற்று. இப்போது நிற்பவை பிற்காலத்தவை. காடுகூடக் கல்கி எழுதிய காடில்லை. 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், பெருமரங்களை வேரோடு சாய்த்தது. மான்களும் குதிரைகளும் பறவைகளும் ஏராளமாக மடிந்தன. விழுந்த இடத்தில் மெதுவாகத் துளிர்த்துவரும் பாலையோடு சீமைக் கருவேலம் போட்டி போடுகிறது. எனக்கு அந்த முள்மரத்தின் மேல் தீராத ஆத்திரம். புல்வெளி சுருங்கினால் வெளிமானுக்கு வேறு வீடு கிடையாது.

குதிரை என்றேனே, அதுவும் உண்டு. எப்போதோ வளர்ப்பாக இருந்து காட்டோடு போய்விட்ட மட்டக்குதிரைகள். அழகாகத்தான் இருக்கும். மானுக்கு வேண்டிய புல்லை அவை தின்பதால் ஆய்வாளர்களுக்கு அவற்றின் மேல் வருத்தம்.

போகும் வழிக்கு வருவோம். தஞ்சாவூரிலிருந்து நாங்கள் காரில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகப் போவதாக ஏற்பாடு. வடுவூர் ஏரி வழியிலேயே இருக்கிறது; அங்கும் பறவைச் சரணாலயம்தான், அரைமணி நேரம் நிற்கலாம். ரயில் ஆசை இருந்தால் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் அகலப்பாதை 2023-இல் திறந்துவிட்டார்கள். ஒரு காலத்தில் கோடியக்கரை வரைக்கும் ரயில் போயிற்று. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் இதோடு முடித்துவிடலாம் என்று மருமகன் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அது படகில் போகும் பயணம், அனுமதியும் தனி. அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கினால்தான் அதற்கு மரியாதை.

தங்குவதற்கு வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது. கிடைத்தால் அதுதான் உத்தமம். ஏனென்றால் விடியற்காலையும் மாலையும்தான் வெளிமானுக்கு நேரம், நடுப்பகல் வெயிலில் கானல்தான் தெரியும். கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் லாட்ஜ். அனுமதி, கட்டணம், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதையெல்லாம் கிளம்புவதற்கு முந்தின வாரம் வனத்துறையிடமே கேட்டுக்கொள்வது நல்லது. மழைக்குப் பின் சதுப்புப் பாதைகள் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். முனியப்பன் ஏரி போகும் வழி நடக்கிற மாதிரி இருக்கிறதா என்பதையும் அப்படியே கேட்க வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டால், பைனாகுலர் இல்லாமலே நமக்கு முன்னால் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

மருமகனுக்கு இரண்டு கட்டளை. பளிச்சென்ற சிவப்புச் சட்டை வேண்டாம். பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டி எழுப்பவே கூடாது. 25 கிராம் உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொண்டு ஆர்க்டிக் வரை திரும்பிப் போக வேண்டிய ஜீவன் அந்தக் கொசு உள்ளான். நாம் எழுப்புகிற ஒவ்வொரு தடவையும் அதன் சேமிப்பில் கைவைக்கிறோம். ட்ரோன் என்று ஆரம்பித்தான். பேச்சை மாற்றினேன். பூநாரை வரவில்லையென்றால் என்ன பார்ப்பது என்று கேட்டதற்கு, கரண்டிவாயன், ஆலா, கடற்காகம், காட்டுக்குள் ஆறுமணிக்குருவி, அதிர்ஷ்டமிருந்தால் மணலில் ஆலிவ் ரெட்லி ஆமை ஏறிய தடம், இருட்டியபின் நரி என்று அடுக்கினேன். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து குடிசை போட்டுத் தங்கும் கரை அது. அவர்களும் ஒருவிதத்தில் வலசைதான் என்றேன். மீன் ஏலம் நடக்கும் என்றதும் அத்தானுக்கு முதன்முறையாக இந்தப் பயணத்தில் அக்கறை வந்தது. ஐஸ் பெட்டி எடுத்துவரலாமா என்று குழுவில் கேட்டிருக்கிறார்.

அத்தை அதற்கு உடனே பதில் போட்டுவிட்டார். அமாவாசையும் அதுவுமாக மீன் வாடை அடிக்கிற காரில் தாம் ஏறமாட்டாராம். ஆகவே வாங்குவதெல்லாம் மறுநாள், பறவை பார்த்து முடித்த பிறகு, பெட்டி டிக்கியில். அத்தை முன்சீட்டில்.