நரிக்கு விஷம் வைக்காத கீதாரி

சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் செம்மறி மந்தையோடு கிளம்பிவிடுவார்கள். கடலோர ஊர்களில் கிடை போட்டபடியே மாதக்கணக்கில் வடக்கே நடப்பார்கள். அப்படி வந்த ஒரு பெரியவர், நெய்வேலி சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் சேரும் வாலாஜா ஏரிப் பாசனப் பகுதியில் கிடை போட்டிருந்தார்.

பகலில் ஆட்டின் முதுகில் கரிச்சான் குருவி சவாரி செய்யும். ஆடுகள் கிளப்பிவிடும் வெட்டுக்கிளிகளைப் பிடிக்க உண்ணிக்கொக்குகள் கூடவே நடக்கும். இரவில்தான் வினை வந்தது. நரி இரண்டு குட்டிகளைத் தூக்கிப்போய்விட்டது.

"கறியில குருணை மருந்தைக் கலந்து வரப்புல வைங்க பெரியவரே" என்றார் நிலத்துக்காரர்.

"வேணாம் தம்பி. அதை நரி மட்டுமா திங்கும்? என் நாய் திங்கும், காக்கா கொத்தும். உங்க வயல் எலியைப் பிடிக்கிறதும் அந்த நரிதானே?"

இரண்டு குட்டி என்பது அவருக்குச் சின்ன நஷ்டமில்லை. ஆனாலும் அன்று மாலை குட்டிகளை மூங்கில் கூட்டில் அடைத்து, கிடையின் நடுவில் வைத்தார். வரப்போரம் நாயைக் கட்டி, விடிய விடிய அரிக்கேன் விளக்கு எரியவிட்டார். அதன்பின் ஊளைச் சத்தம் கேட்டது; குட்டி எதுவும் குறையவில்லை.

நரி, மயில் போன்றவற்றுக்கு விஷம் வைப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காவல்தான் வழி. கிடை நகர்ந்ததும் தாமதிக்காமல் மேலாக உழுதுவிடுங்கள். புழுக்கை, மூத்திரத்தின் சத்து வெயிலில் வீணாகாது.