கண்ணுக்கு ஒரு மார்கழி

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் திருவல்லிக்கேணி மேன்ஷனில் பேச்சே மாறிவிடும். அதுவரை மெஸ் சாம்பார், பஞ்சப்படி பாக்கி, குழாயடி பக்கெட் வரிசை என்று ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் ஒரே நாளில் 'அகாடமியில் இன்னிக்கு யாரு, நாரத கான சபாவில் யாரு' என்று திரும்பிவிடும். எண்பதுகளின் கடைசி அது. 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் கையோடு மறு ஆண்டு பிறந்ததுதான் மியூசிக் அகாடமி. அதற்கப்புறம் இந்த ஊருக்கு டிசம்பர் என்றால் கச்சேரிதான். எங்கள் மாடியில் இருந்த வங்கி ஊழியர் ஒருவர், கும்பகோணத்துக்காரர், நிகழ்ச்சி நிரலைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருப்பார். எந்த சபாவில் கேன்டீன் தேவலை என்பதும் அதே காகிதத்தின் ஓரத்தில் இருக்கும்.

எனக்கு ராகம் பிடிபடவில்லை. படம் பிடிபட்டது. ஜூனியர் விகடனில் கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' வந்துகொண்டிருந்த நாட்களில், ஊரில் சலூன் பெஞ்சில் உட்கார்ந்து எழுத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த மனிதர் வாழ்கிற ஊருக்கே வேலை கிடைத்து வந்தாயிற்று. அப்புறம் சும்மா இருக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பத்தியைப் பிரிப்பேன். உபன்யாசம், கச்சேரி, கண் சிகிச்சை முகாம் இவற்றுக்கு நடுவே எங்கேயாவது 'ஓவியக் கண்காட்சி' என்று ஒற்றை வரி ஒளிந்திருக்கும். பெரும்பாலும் கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி. அந்தச் சாலையில் ஆட்டோ பிடித்துப் போனால், ஓட்டுநர் எதுவும் கேட்காமலேயே பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்புவார். "பேஷன்ட் எந்த வார்டு சார்?" என்று அக்கறையாக விசாரித்தவரும் உண்டு. அகாடமி வளாகத்துக்குள்ளேயே பட்டறைகள் இருந்தன. ஒருபுறம் சூளை, ஒருபுறம் அச்சு இயந்திரம், மரத்தடியில் பாதி செதுக்கிய கல். காட்சிக்கூடத்து வாசலில் மேசை, மேசைமேல் வருகைப் பதிவேடு, அதைக் கட்டிப்போட்ட நூலில் பேனா. உள்ளே போனால் பல நாள் நானும் மின்விசிறியும்தான்.

அந்தத் தனிமை எனக்கு அப்போது வசதியாக இருந்தது. இன்று யோசித்தால் கொஞ்சம் கோபம் வருகிறது. பாடகர் ஒரு சங்கதியை விட்டுவிட்டால் மறுநாள் காலை டீக்கடை வரை அது பேசப்படுகிற ஊர் இது. அதே ஊரில் ஓவியர் ஒருவர் இரண்டு வருஷ உழைப்பைச் சுவரில் மாட்டினால், குத்துவிளக்கு ஏற்றிய பிரமுகரின் போட்டோதான் பேப்பரில் வரும். படம் அவர் தோளுக்குப் பின்னால் பாதி தெரியும்.

இத்தனைக்கும் ஓவியப் பள்ளிக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. எழும்பூர்ப் பக்கம், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிற கவின்கலைக் கல்லூரியை 1850-இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர். கைவினைஞர்களுக்குத் தொழில் பழக்குவதுதான் நோக்கம். தேவிபிரசாத் ராய் சௌத்ரி வந்த பிறகு அது முழுமூச்சாக ஓவியமும் சிற்பமும் சொல்லிக்கொடுக்கிற இடமாயிற்று. மெரினாவில் பாறையை நெம்புகிற நான்கு பேரை, அதாவது உழைப்பாளர் சிலையை, வடித்தவர் அவர்தான். அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர், அதன்பின் சிற்பி தனபால். மாணவர்களின் ஆண்டுக் கண்காட்சிக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். செங்கல் கட்டடங்களுக்கிடையே ஈரக் களிமண் வாசனை அடிக்கும். நின்று பார்த்தால் போதும், பையன்கள் தாங்களாகவே வந்து விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களைப் பார்த்துவிட்டு 'புரியலையே' என்பவர்கள் எத்தனையோ பேர். ஜாதகக் கட்டம், ஏட்டுச்சுவடி எழுத்து, கணக்குக் குறி, நடுவே ஒரு பறவையோ பாம்போ. பெண் பார்க்கப் போகும் முன் ஜாதகக் கட்டத்தை வரிவரியாக அலசுகிறவர்களுக்கு, அதே கட்டம் கான்வாஸில் ஏறினதும் அந்நியமாகிவிடுகிறது! எங்கள் மாடி வங்கிக்காரரை ஒருமுறை வலுக்கட்டாயமாக இழுத்துப் போனேன். "இதுல லக்கினம் எங்கேய்யா?" என்றார். வேடிக்கைக்குச் சொன்னாலும் நல்ல கேள்வி. அந்தப் படத்தின் முன்னால் அவர் நின்ற நேரம், நான் நின்றதைவிட அதிகம்.

சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போவதுதான் எனக்குப் பெரிய விசேஷம். மகாபலிபுரம் பஸ்ஸில் ஏறி ஈஞ்சம்பாக்கத்தில் இறங்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை இன்றைய அகலம் வருவதற்கு முன், இருபுறமும் சவுக்கும் மணலும்தான். 1966-இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து வாங்கிய நிலம். ஓவியத்தைச் சுவரில் மாட்ட ஆள் இல்லாத காலம் அது. பாட்டிக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுச் சேர்த்த பணத்தில்தான் மனை வாங்கினார்கள். யாரிடமும் கை ஏந்தாமல் கலைஞர்கள் தாங்களே ஒரு கிராமம் எழுப்பிக்கொண்ட கதை நம்மிடம் இதைத் தவிர வேறு அதிகம் கிடையாது. ஓவியர் ராமானுஜத்தின் மசிச் சித்திரங்களை அங்கேதான் முதலில் நேரில் பார்த்தேன். கோபுரங்களும் மாளிகைகளும் இறக்கை முளைத்த விலங்குகளுமாக நெருக்கியடித்த கனவு ஊர். அதற்குள்ளே தொப்பி போட்ட மனிதன் ஒருவன், அவரேதான். 1973-இல், இன்னும் நிறைய வரைந்திருக்க வேண்டிய வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அந்தப் படங்களின் கோடுகளில் ஒரு நடுக்கமும் இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இன்னொரு வீட்டின் பின்தாழ்வாரத்தில் சிற்பி ஒருவர் செப்புத் தகட்டோடு உட்கார்ந்திருந்தார். தகட்டைத் தீயில் வாட்டி, ஆறவிட்டு, கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கமிருந்து சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். முன்பக்கத்தில் மெல்லக் கன்னம் எழும்பியது, அப்புறம் மூக்கு. அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கேட்டேன்.

"எவ்வளவு தட்டணும்னு எப்படி சார் தெரியும்?"

"சத்தம் மாறும் தம்பி. தட்டத் தட்டத் தகடு விறைச்சுக்கும். 'ணங்'குன்னு கேட்டா நிறுத்திடணும். திரும்ப நெருப்புல காட்டி இளக்கணும். மீறித் தட்டினா கிழிஞ்சிடும்."

காதுக்கு வேலை இருக்காது என்றுதான் இந்தப் பக்கம் ஒதுங்கினேன். இங்கேயும் சுருதி பார்க்கச் சொல்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் நெருங்கினால் கூடத்துக்குள் போகாமலேயே படம் பார்க்கலாம். மவுண்ட் ரோடு முழுக்க சினிமா பேனர் ஏறும். தேவி, சாந்தி, ஆனந்த், அலங்கார் வாசல்களில் சாரம் கட்டி ஏற்றுவார்கள். ஸ்டில் போட்டோவில் சின்னக் கட்டங்கள் போட்டு, துணியில் அதே கணக்கில் பெரிய கட்டங்கள் போட்டு, கட்டம் கட்டமாக வளர்ப்பார்கள். சட்டை, வேட்டி, பின்னணியெல்லாம் சீடர்கள் பாடு. முகத்துக்கு மட்டும் மாஸ்டர் வருவார். கதாநாயகன் கன்னத்தில் பச்சை நிழல், நெற்றியில் ஊதா, உதட்டோரத்தில் ஆரஞ்சு. கிட்டே போனால் வெறும் வண்ணத் தீற்றல். ரோட்டின் எதிர்ப்பக்கம் போய்த் திரும்பினால் சிரிக்கிற முகம். எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு வண்ணத்தைப் பற்றி இவ்வளவு சொல்லித் தரவில்லை. ஃப்ளெக்ஸ் வந்தது, சில வருஷங்களுக்குள் அந்தக் கைகளெல்லாம் காணாமல் போயின. லலித் கலாவின் சுவரில் ஒரு தடவையாவது அந்த மாஸ்டர்களின் முகங்களை மாட்டியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

தீவுத்திடல் பொருட்காட்சியைக் கலை என்று சொன்னால் ஓவிய நண்பர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். முறத்தளவு டெல்லி அப்பளத்தைக் கையில் ஏந்தி, மிளகாய்ப் பொடி சட்டையில் கொட்டாமல், அரசுத் துறை அரங்கு ஒவ்வொன்றாகச் சுற்றுவது தனி சுகம். அறநிலையத்துறை அரங்கில் நெருக்கித் தள்ளும் கூட்டம். பொதுப்பணித்துறை அரங்கில் அணையின் மாதிரி, நிஜத் தண்ணீர், குட்டி மதகு. மரணக்கிணற்றின் பலகைகள் அதிர, மேலே விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கிற பெண்கள் 'ஐயோ' என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடாமல் இருப்பார்கள். அட்டை நிலாவில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ள வரிசை நிற்கும். அந்த நிலாவை வரைந்தவரும் ஓவியர்தானே?

ஜனவரியில் புத்தகக் கண்காட்சி. 1977-இல் மதரஸா-ஏ-ஆசம் பள்ளியில் தொடங்கி, நான் பார்த்த வருஷங்களில் காயிதே மில்லத் கல்லூரியில் நடந்தது, இப்போது நந்தனம். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அது அட்டை ஓவியங்களின் கண்காட்சி. பணம் இல்லாத மாதக் கடைசியில் ஆதிமூலம், மருது வரைந்த அட்டைகளை மட்டும் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

எழும்பூர் மியூசியத்துக்கும் வருஷம் ஒருமுறையாவது போய்விடுவேன். ஹென்றி இர்வின் கட்டிய இளஞ்சிவப்புக் கல் மாளிகைக்குள் ரவி வர்மா படங்கள் இருந்தன. 2000-களின் தொடக்கத்தில், கட்டடம் பழுது என்று பூட்டினார்கள். வருஷங்கள் போயின, பூட்டு போகவில்லை. ஒரு தலைமுறைக் குழந்தைகள் அதை வெளியிலிருந்தே பார்த்து வளர்ந்துவிட்டார்கள். சபா எதையாவது அப்படிப் பூட்டியிருந்தால் மயிலாப்பூர் விட்டிருக்குமா?

இன்று நிலைமை அன்றைக்கு எவ்வளவோ தேவலை. முட்டுக்காட்டில் 1996 டிசம்பரில் திறந்த தட்சிணசித்ராவில் பள்ளிக்கூட பஸ்கள் நிற்கின்றன. 2016-இல் புகைப்பட பினாலே தொடங்கியது. 2019-இல் அதற்காக சிஷோம் கட்டிய செனட் ஹவுஸின் கதவுகள் திறந்தபோது, படத்தைப் பார்ப்பதா விதானத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் கழுத்து வலித்தது. கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் ஆள் உயர முகங்கள் வந்திருக்கின்றன. பொங்கலையொட்டி மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடக்கிற கோலப் போட்டியைத் தவறவிடாதீர்கள். தார் ரோட்டில் ஆளுக்கொரு கட்டம். விரலிடுக்கில் மாவை ஒழுகவிட்டு, நிமிராமல், ஒரு புள்ளியும் தப்பாமல் வரைகிற பாட்டிகளை அங்கே பார்க்கலாம்.

ஓவியக் கண்காட்சிக்குப் போக நினைப்பவர்களுக்கு என் யோசனை, திறப்பு விழாவுக்குப் போகாதீர்கள். அன்றைக்கு சமோசாதான் நன்றாக இருக்கும். கடைசி நாள் மத்தியானம் போங்கள். ஓவியர் தனியாக உட்கார்ந்திருப்பார், மனம்விட்டுப் பேசுவார், விலையிலும் கொஞ்சம் இறங்கி வருவார். கிரீம்ஸ் ரோட்டில் அப்படி ஒரு கடைசி நாளில்தான் எட்சிங் ஒன்றை நாலு தவணை சொல்லி வாங்கினேன். ஓவியர் ரசீது கூடக் கேட்கவில்லை, "சுவத்துல மாட்டுங்க, பீரோவுக்குள்ள வச்சிடாதீங்க" என்று மட்டும் சொன்னார். கல்யாணமாகி வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, "இருக்கறது ஒரே ஆணி. அதுல இதை மாட்டிட்டா காலண்டர் எங்கே போகும்?" என்றாள். காலண்டர் சமையலறைக்குப் போயிற்று. ராகு காலம் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் அங்கேதான் போக வேண்டும்.