பிடியரிசிக் கஞ்சி

எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கலயம் இருக்கும். ஆச்சி உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்தக் கலயத்தில் போடுவாள். வீட்டில் அரிசி தட்டுப்படுகிற நாளிலும் அந்தப் பிடி குறையாது. எங்கள் வட்டிலில்தான் சோறு குறையும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கலயத்து அரிசி துணிப்பையில் ஏறி ஆலயத்துக்குப் போகும். எங்கள் சபைப் பெண்கள் எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு கலயம் உண்டு. பிடியரிசி என்பார்கள். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டில் டோர்ணக்கல் பக்கம் திருநெல்வேலிச் சபையார் ஊழியர்களை அனுப்பினார்கள். அதற்குப் போன காசில் பிடியரிசி விற்ற காசும் உண்டு என்று ஆச்சி பெருமையாகச் சொல்வாள்.

எங்கள் வள்ளியூர் தண்ணீருக்கு ஏங்குகிற ஊர். மேற்கே மலை கண்ணுக்கெதிரே நிற்கும். ஆனால் ஆனி ஆடியில் மழையெல்லாம் அந்தப் பக்கம் பெய்துவிடும், எங்களுக்கு வருவது காற்று மட்டும். தாமிரபரணிக் கரைக்காரர்களைப் போல வற்றாத ஆறு எங்களுக்குக் கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் குளம் பெருகினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மழையைப் பார்த்துப் பயப்பட எங்களுக்குத் தெரியாது. 1992 நவம்பரில்தான் தெரிந்துகொண்டோம். எனக்கு அப்போது ஒன்பது வயது.

நவம்பர் 13, வெள்ளிக்கிழமை. வங்கக் கடலில் வந்த புயல் தூத்துக்குடிப் பக்கம் கரையேறிய நாள். பொழுது சாயும் முன்பே மின்சாரம் போய்விட்டது. ஓட்டுக்கூரையில் விழுந்த மழை பேச்சுச் சத்தத்தை அமுக்கிவிட்டது. பக்கத்தில் படுத்திருந்த தம்பியிடம்கூடக் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. நடுராத்திரிக்கு மேல் யாரோ தெருவில், “மறுகால் பாயுது, வாய்க்கால் ஒடைஞ்சிட்டு” என்று சொல்லிக்கொண்டே ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் கோயில்மணி அடித்தது. ஆராதனைக்கு அடிக்கிற நிதானமான மணி இல்லை. கோயில்பிள்ளைத் தாத்தா கயிற்றை விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த குடிசைக்காரர்கள் இருட்டில் திசை தெரிந்து வரவேண்டும் என்பதற்காக அடித்தார் என்று பிறகு அப்பா சொன்னார்.

ஆச்சி எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். “ஏலே, எந்திரி. காவோலையை எடுத்துச் சாக்குல சுத்து.” அவ்வளவுதான் சொன்னாள். பரண்மேல் காய்ந்து கிடந்த பனங்காவோலையையும் சில்லாட்டையையும் நானும் அப்பாவும் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு போனோம். அன்று ஊரில் நனையாமல் இருந்த விறகு பரணில் இருந்தது மட்டுந்தான்.

ஆலயத்தை ஒட்டிய பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஈரத்தோடு குழந்தைகள், கோழிக்கூடு, ஒரு ஆட்டுக்குட்டி. போதகர் ஐயா பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பிடித்தபடி வாசலிலேயே நின்று, “எல்லாரும் வந்தாச்சா, ஒங்க பக்கத்து வீட்டுல யாரு வரல” என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தார். நடக்கமுடியாத கிழவி ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் வாலிபர்கள் இரண்டு பேர் போய்க் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். சபையார் கூடிச் சாப்பிடுகிற அசனத்துக்கு எடுக்கிற அண்டா வருஷத்தில் ஒருநாள்தான் வெளியே வரும். அன்றைக்கு ராத்திரி அதைப் பெண்களே உருட்டிக்கொண்டு வந்து மூன்று கல்லின்மேல் ஏற்றினார்கள். மழையில் கடை ஏது? இருந்தது பிடியரிசி மூட்டை ஒன்றுதான்.

பிடியரிசியைச் சமைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு அரிசி வந்திருக்கும். புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி, யாரோ வயற்காட்டுக்காரர் வீட்டுச் சிவப்பரிசி எல்லாம் ஒரே சாக்கில் கிடக்கும். ஒன்று குழையும்போது இன்னொன்று விதையாக நிற்கும். சோறாக வடிக்கவே முடியாது. தண்ணீரைக் கூட்டி ஊற்றிக் கஞ்சியாக்கினால்தான் எல்லாம் சேர்ந்து வரும். ஆச்சி அகப்பையால் எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்துப் பார்த்து, விடிகிற நேரத்தில் இறக்கினாள். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல். குழந்தைகளுக்குக் கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பி.

அப்போது ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து சாப்பிடாத தெருக்கள் எங்கள் ஊரிலும் இருந்தன. ஒரு பெரியவர் கதவோரமாக வந்து, தன் வீட்டு ஆட்களுக்குத் தனியாக ஒரு பாத்திரத்தில் கொடுத்துவிடச் சொன்னார். ஆச்சி தலை நிமிராமல், “அண்ணாச்சி, அண்டா ஒண்ணுதான். கஞ்சி ஆறிரும், இருங்க” என்றாள். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்தார். அடுத்த மாதம் அந்தத் தெருக்கள் மாறிவிடவில்லை. ஆனாலும் பசித்த ஒருவரைக் கூச்சப்படுத்தாமலும், அவர் கேட்டதற்கு இணங்காமலும் அவள் சொன்ன அந்த நாலு வார்த்தைக்கு ஈடாக நான் கேட்ட பிரசங்கம் குறைவு.

இந்தப் பக்கத்துக்குக் கஞ்சி ஊற்றுவது புதிதல்ல. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் அடித்தபோது கஞ்சித்தொட்டியில் வரிசை நின்ற கதையை ஆச்சி தன் பாட்டியிடம் கேட்டிருக்கிறாள். எங்களூருக்குத் தென்கிழக்கே இடையன்குடியில் கால்டுவெல்லும், பாளையங்கோட்டையில் சார்ஜென்ட்டும் மிஷனரிகளாக இருந்த காலம் அது. மழை பெய்யாமல் போனாலும் அதிகம் பெய்தாலும் ஏழைக்கு முதலில் அணைவது அடுப்புத்தான்.

தாமிரபரணி கரைபுரண்ட செய்தி எங்களுக்கு மறுநாள்தான் வந்தது. அம்பாசமுத்திரம் தொடங்கித் திருநெல்வேலி வரை ஆற்றங்கரை ஊர்கள் பட்ட பாட்டோடு பார்த்தால் எங்களுக்கு வந்தது சின்ன மழை. மூட்டையில் மிஞ்சிய அரிசியையும் வீடுவீடாக வாங்கிய துணிகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு அப்பாவும் மற்றவர்களும் போனார்கள். ஆச்சியின் பெட்டியிலிருந்து அந்துருண்டை மணக்கும் இரண்டு சேலைகள் போயின. ஒன்று அவளுடைய நல்ல சேலை. அம்மா தடுத்தபோது, “கிழிஞ்சத உடுத்திக்கிட்டு அவ எப்படி வெளிய வருவா” என்று கேட்டாள்.

அப்படி ஒரு மழை 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. ஹெலிகாப்டர் வரும் முன்பே பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள் தங்கள் வீட்டில் இருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து, ஊர்க்கோயிலில் வைத்துச் சமைத்து அவர்களுக்குப் போட்டார்கள். அவர்கள் தெருவிலும் தண்ணீர்தான் நின்றது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது அந்த அண்டாவைத் தூக்கிய கைகள் எனக்கு அடையாளம் தெரிந்தன. அப்படிச் சமைக்க அன்றைக்கு மனசு வந்தால் மட்டும் போதாது. பெரிய பாத்திரம் எந்த அறையில் கிடக்கிறது, யார் அடுப்பு மூட்டுவார், யார் வீட்டில் சீக்காளி இருக்கிறார் என்பதெல்லாம் கோயில் கொடையிலும் சபை அசனத்திலும் வருஷாவருஷம் சேர்ந்து வேலை செய்த ஊருக்குத்தான் தெரியும்.

இப்போது எங்கள் சபையில் பிடியரிசிக்குப் பதில் உறையில் காசு வைத்துக் கொடுக்கிறார்கள். கணக்குக்கு அதுதான் வசதி. எனக்கு அதில் சம்மதமில்லை என்று மைனியிடம் போனில் சொன்னேன்; மழை அடிக்கும் ராத்திரியில் உறையை உலையில் போட முடியாது. அவள் அதை ஒத்துக்கொண்டாள், ஆனால் வேறொன்று சொன்னாள். “கஞ்சி ஊத்த எல்லாரும் வாராவ. தண்ணி வடிஞ்ச பெறகு வீட்டுக்குள்ள நிக்கிற சேத்த அள்ளத்தான் ஆளு இல்ல. அந்த டிசம்பர்ல நாங்க ஏரலுக்கு மம்பட்டியும் சட்டியுமாத்தான் போனோம்.” ஒரு வயசான அம்மாவின் வீட்டில் முழங்கால் உயரச் சேற்றை வாரி, பீரோவை நிமிர்த்தி, தரை தெரியக் கழுவிவிட்டு வருவதற்கு மைனியும் கூடப் போன பிள்ளைகளும் ஒரு பகல் முழுக்க எடுத்திருக்கிறார்கள். அடுத்த வீட்டுக்கு மறுநாள் போயிருக்கிறார்கள்.