அரும்பு வரிசை

சென்னீர்குப்பத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி தலைகுனிந்து சொன்னாள்: "நான் அரும்புக்கா."

2022இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அவள் வகுப்பில் அரும்பு வரிசை முழுக்கக் காலனிப் பிள்ளைகள்.

"அம்மாவுக்கு நாள் கூலி 400. ஆறு நாள் வேலைக்கு எவ்வளவு?" என்றேன்.

"மழை பெஞ்சா ஒரு நாள் போயிடும்க்கா. ரெண்டாயிரம்தான்."

எழுத்துக்கூட்டத் தடுமாறுகிறாள், சிந்திக்கத் தடுமாறவில்லை. இந்தத் திறனை எந்த வரிசையில் உட்காரவைப்பது?

நிலை என்பது பிள்ளை கடந்துபோக வேண்டிய படி. அங்கேயே நிறுத்திவிட்டால், பாபாசாகேப் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வுக்குப் பூவின் பெயர் வைத்ததாகிவிடும், தோழர்களே.