மாலை நேரத்துச் சிவப்பு விளக்கு

புணேயில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் தளத்தில் வாடகைக்கு வசித்த ஆய்வாளர் ஒருவருக்கு, இணையவழி வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்களே இருந்தன. வெளிநாட்டுத் தேர்வாளரின் வசதிக்காக மாலை 6 மணிக்குக் குறித்த தேர்வு அது. வீட்டு இணையமோ இரண்டு வாரங்களாக மாலை ஆனால் அறுந்துவிடும். காலையில் ஒரு குறையும் இராது.

மாலையில் அறுவதால் காரணமும் மாலையைச் சார்ந்ததே என்று அவர் முடிவுகட்டினார். அடுக்ககத்தார் அனைவரும் வீடு திரும்பும் நேரம். வைஃபை நெரிசலாகத்தான் இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று கலவாத 1, 6, 11 ஆகிய தடங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். 5 கிகாஹெர்ட்சுக்கும் மாறினார். பயனில்லை. சேவை நிறுவனத்தின் பணியாளர் இருமுறை காலையில் வந்து, ஒளியிழையை மானியால் அளந்து, "லைன் சரியாக இருக்கிறது, மேடம்" என்று சொல்லிச் சென்றார். பெயரளவுக்குப் பார்த்துவிட்டுப் போகிறார் என்று அவர்மீது புகார் பதிவாயிற்று.

அதன்பிறகே ஆய்வாளர் குறிப்பேட்டைத் திறந்தார். முதலில் மடிக்கணினியைக் கம்பிவழி ரவுட்டரில் இணைத்தார். அப்போதும் மாலையில் இணையம் அறுந்தது. ஆகவே குற்றம் வைஃபையுடையது அன்று. அடுத்து, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வந்துசேரும் ஒளியின் திறனைக் குறித்தார். காலையில் −20 டிபிஎம், மாலையில் −30. இது மடக்கை அளவை. பத்து எண் இறங்கினால் ஒளி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். இவ்வகைப் பெட்டிகள் பல ஏறத்தாழ −27க்குக் கீழே தடுமாறும். சிவப்பு விளக்கு எரிந்ததன் காரணம் புலப்பட்டது. ஒளி குறைந்ததன் காரணம் புலப்படவில்லை.

நான்காம் நாள் பிற்பகல் 3 மணிக்கு மழை சாய்ந்தடித்தது. பால்கனியின் நகர்வுக் கதவைச் சாத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. திறந்தார், பச்சை. மும்முறை செய்து பார்த்தார். மும்முறையும் அதே விளைவு. ஒளியிழை அக்கதவின் சட்டகத்து ஓரமாக உள்ளே வந்திருந்தது. கொசுவுக்கு அஞ்சி ஒவ்வொரு மாலையும் சாத்திய கதவு அதை அழுத்தி மடித்திருக்கிறது. கண்ணாடியிழை கூர்மையாக வளையுமிடத்தில் உள்ளோடும் ஒளி வெளியே கசியும். இழை முறியாமலேயே இணைப்பு அறும்.

மாலையும் மூடிய கதவும் எப்போதும் சேர்ந்தே வந்தமையால் இரண்டையும் அவரால் பிரித்தறிய இயலவில்லை. பிரித்துக் காட்டியது மழை. அந்தப் பணியாளர் கூறியதும் பொய்யன்று. அவர் வந்த இரு காலைகளிலும் கதவு திறந்திருந்தது. மாணவர்க்கு ஆய்வு நெறிமுறை கற்பித்த ஒருவர், தம் வீட்டில் மட்டும் அளவீட்டை நம்பாமல் அளந்தவரைச் சந்தேகித்திருந்தார்.

மறுநாள் அதே பணியாளர் வந்து, சுவரில் துளையிட்டு, புதிய இழையைத் தாராளமான வளைவுடன் பொருத்தினார். புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டதாக ஆய்வாளர் சொன்னார். "பரவாயில்லை மேடம், முதலில் கதவைச் சாத்துங்கள், பார்ப்போம்" என்றார் அவர். மானி −20 காட்டியது.